கம்ப்யூட்டரோடு வந்த வினை

ஆடி பிறந்துவிட்டால் சிவகாசியில் லேபிள் வரைகிறவர்களுக்குச் சோறு இறங்காது. தீபாவளிக்கு வரப்போகும் புதுப் பட்டாசுப் பெட்டிகளின் படமெல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கும். ஒரு கம்பெனியின் படம் இன்னொரு கம்பெனியின் கண்ணில் பட்டதோ, அதோடு கடையை மூட வேண்டியதுதான்.

சண்முகத்தாய் ஒற்றைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அந்தத் தொழிலைத்தான் செய்துவந்தாள். அன்று காலை பட்டாசுக் கம்பெனி முதலாளி சங்கையாவின், பலவகைப் பட்டாசும் சேர்த்து விற்கும் கிஃப்ட் பாக்ஸுக்கான படத்தை முடித்துவிட்டு மெயில் பார்த்தாள். தெரிந்த அச்சகத்தின் பெயரில் ஒன்று வந்திருந்தது. திறந்தாள், உள்ளே ஒன்றுமில்லை. அதை மறந்துவிட்டு வேறு வேலை பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் செல்போன் அடித்தது. சாத்தூர் பட்டாசுக் கம்பெனி மேனேஜர் சீனிவாசகம்.

"என்னம்மா, சங்கையா அண்ணாச்சி பெட்டிப் படத்த எங்களுக்கு அனுப்பியிருக்கீக?"

"நான் அனுப்பலையே சார்!"

போனை வைத்தாள். மறுபடி அடித்தது, இன்னொரு கம்பெனி. கம்ப்யூட்டருக்குப் போகும் டெலிபோன் வயரைப் பிடுங்கி எறிந்தாள். போனது போனதுதான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தங்கச்சாமி ஓடிவந்தான்.

"வைரஸ் அக்கா. இந்த மெயில் புரோகிராம் கம்ப்யூட்டரோட சேந்தே வாரது. ஊர் பூரா இதத்தான் வச்சிருக்காக, அதனால வைரஸ் விடுறவனும் இதுக்குத்தான் குறி வைக்கான். மெயிலத் தொறந்தாப் போதும், நமக்குத் தெரிஞ்ச அம்புட்டுப் பேருக்கும் நம்ம பைலைத் தூக்கி அனுப்பிரும். அதுக்குத்தான வேற மெயில் புரோகிராம் ஒண்ணு போட்டுக் குடுத்தேன்?"

போட்டுத்தான் கொடுத்தான். அவள்தான் அழிக்கச் சொன்னாள். "கூடவே வந்தது இருக்கையில இது எதுக்கு?" என்று கேட்டது நினைவு வந்ததும் சுருக்கென்றது. அவள் புருஷன் மாரிக்கண்ணன் நாரணாபுரத்தில் கம்பி மத்தாப்பு செய்கிறவன். கிஃப்ட் பாக்ஸிலேயே மத்தாப்பு இருக்கையில் இது எதுக்கு என்றுதான் கடைக்காரர்கள் அவன் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்கள். கொளுத்திப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறார்களே என்று அவள் அவர்களைத் திட்டாத நாளில்லை.

ஓடி ஒளியத் தோன்றியது. ஆனாலும் சங்கையாவின் ஆபீசுக்கே போனாள். நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

சங்கையாவின் முகம் வெளுத்துவிட்டது. "எம் பொண்டாட்டிகிட்டக்கூட காட்டாத படம்மா அது."

"தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. கூடவே வந்துச்சு, ஊரே வச்சிருக்குன்னு நம்பிட்டேன். நல்லதா கெட்டதான்னு பாக்கல. வேற ஒண்ணு கைக்கு வந்தும் ஒதுக்கித் தள்ளினேன். எங்க வீட்டுக்காரர் மத்தாப்ப ஊரு ஒதுக்குற மாதிரியே."

சங்கையாவின் கிஃப்ட் பாக்ஸுக்கும் மத்தாப்பு எங்கிருந்தோ மொத்தமாகத்தான் வருகிறது. அவரும் அதைக் கொளுத்திப் பார்த்ததில்லை. மேசைமேல் இருந்த மாதிரிப் பெட்டியைத் திறந்து ஒரு மத்தாப்பை எடுத்தார். வாசலுக்குப் போய்க் கொளுத்தினார். அது புகைந்து, சட்டென்று படபடவென வெடிக்க, பொறி அவர் கையிலேயே தெறித்தது. பதறிப்போய் உதறினார்.

"இத்தன வருசமா இதத்தானா பிள்ளைக கையில குடுத்தோம்?" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "படத்த மாத்திப் புதுசா வரஞ்சு குடு. அந்தக் கம்ப்யூட்டரச் சுத்தம் பண்ணிட்டுத் தொடு. சும்மா கூட வருதுன்னு எதையும் கண்ண மூடிக்கிட்டு வீட்டுக்குள்ள விடக்கூடாதும்மா. எது வேணும்னு நாமதான் பாத்து எடுக்கணும். நாளைக்கு ஒம் புருஷனையும் மத்தாப்போட வரச் சொல்லு. கொளுத்திப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்."