அடுத்தவள் பண்டில்

அந்தத் தையல் ஆலையில் ஒருத்தியின் பண்டிலை இன்னொருத்தி முடித்துக் கொடுப்பது சகஜம். தலைவலியா, பிள்ளைக்குக் காய்ச்சலா, பக்கத்து மெஷின்காரி அவளுடைய துணிக்கட்டை இழுத்துப் போட்டுத் தைத்துவிடுவாள். அதில் கைதேர்ந்தவள் ஓவர்லாக் அக்கா. ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் அவளுடையது. மெஷின் நின்றாலும் வாய் நிற்காது என்பதால் அதுவே பேராகிவிட்டது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டி ஆலை வாசலுக்கு வந்த அன்று, ஆளுக்கொரு பேர்ச் சீட்டு கொடுத்ததுமே, பொத்தான் துளை போடும் காஜாக்காரி கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"வெக்கமா இருக்குக்கா. செத்தாலும் வரமாட்டேன்."

"அடிப்பாவி, இதுக்கா இந்தக் கூத்து? உன் சீட்டைக் கொடு இப்படி!"

கதவுக்கு அடியில் சீட்டு வந்தது. அக்கா வண்டியில் ஏறி அதைக் கொடுத்துவிட்டு அவளுக்குப் பதிலாகப் படுத்தாள், ஐந்தே நிமிஷத்தில் திரும்பினாள். அதே முகம் மறுபடி போனால் வண்டி நர்ஸ் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் தன் சீட்டை இழுப்பறையில் போட்டாள். நமக்கென்ன, கல்லு மாதிரி இருக்கோம் என்ற நினைப்பு. நடுநடுவே ரத்தம் படுவதை உடம்புச் சூடு என்று மாதக்கணக்காகத் தள்ளி வைத்திருந்தாள். இந்த லட்சணத்தில் ஊருக்கு உபகாரம்!

மூன்று வாரம் கழித்து வேறொரு நர்ஸ் வந்து காஜாக்காரியை ஸ்டோர் ரூமுக்குத் தனியாகக் கூப்பிட்டாள். காஜாக்காரி துணைக்கு ஓவர்லாக் அக்காவையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"பயப்படாதீங்கம்மா. உங்க சோதனையில ஒரு மாற்றம் தெரியுது. இன்னும் புற்றுநோயா மாறலை. இப்பவே வந்தா சின்ன சிகிச்சைதான். விட்டாதான் ஆபத்து."

காஜாக்காரி திகைத்து அக்காவைப் பார்த்தாள். அக்கா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்: வாயைத் திறக்காதே. அவர்கள் வரிசையிலேயே இரண்டு மெஷின்களில் உட்கார்ந்திருந்தவர்கள் இதே நோயில்தான் போனார்கள், இரண்டு பேருமே கடைசிவரை யாரிடமும் சொல்லாமல். அத்தனை பேச்சுப் பேசுகிற அக்கா மறுபடியும் கிள்ளத்தான் செய்தாள்.

"அது நான் இல்ல சிஸ்டர்," என்றாள் காஜாக்காரி. கழிப்பறையில் ஒளிந்தவளா இவள்! "என் சீட்டுல படுத்தது இவங்க. எவ்வளவு வேணும்னாலும் கிள்ளட்டும், நான் சொல்லத்தான் போறேன்."

நர்ஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, இது என்ன துணியா, ஆளுக்கு ஆள் மாத்தித் தைக்க? அவங்க பேர்ல போயிருந்தா அவங்களைப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்பியிருப்பாங்க. நீங்க இங்கயே உக்காந்து தைச்சிட்டு இருந்திருப்பீங்க."

அக்கா மூக்கை உறிஞ்சி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சரி, திட்டினது போதும் சிஸ்டர். எப்ப வரணும்? நாளைக்கே வரவா?"

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி பார்த்து உறுதி செய்துகொண்டு, அன்றே சிகிச்சையும் முடித்துவிட்டார்கள். "வருஷா வருஷம் வந்து காட்டணும், மறக்கக்கூடாது" என்றார் டாக்டரம்மா. அக்கா தானே நடந்து வெளியே வந்தாள். வந்ததுமே வாயும் வந்துவிட்டது.

"இவ்வளவுதானா? இதுக்குப் போயா நேத்து ராத்திரி முழுக்க அழுதேன்!"

பெஞ்சில் காஜாக்காரி தன் சோதனைக்கான புதுச் சீட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளுத்த முகம். பழக்க தோஷம், அக்காவின் கை தன்னால் அந்தச் சீட்டுக்கு நீண்டது.

"கையை எடுங்கக்கா," என்று எழுந்தாள் காஜாக்காரி. "என் பண்டிலை நானே முடிச்சுக்கிறேன்."