நாலு டிகிரியில் ஒரு மலை

சவரியம்மாள் கட்டின புருஷனோடு பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி ஒன்பது வருஷமாகிறது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஒற்றை ரூம் வாடகை. புருஷன் லூர்துராஜுக்கு வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு குளிர்க்கிடங்கில் எப்போதும் நைட் ஷிப்ட். அவளுக்கு சார்ஜர் கம்பெனியில் பகல் ஷிப்ட், அதற்கு மேல் ஓ.டி. வாரலீவு அவனுக்குப் புதன், இவளுக்கு ஞாயிறு. இவள் வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பான். இதுக்குப் பேர் குடும்பமாம்!

அந்த லூர்துராஜுக்கு, மூன்று வருஷம் ஒருநாள்கூட லீவு போடாததற்காகக் கம்பெனி பரிசு அறிவித்தது. ஜோடியாக ரெண்டு நாள் ராஜஸ்தான் மவுண்ட் அபு. குளுகுளு மலை, ஆயிரம் வருஷத்துச் சமணக் கோயில்கள், பளிங்கில் செதுக்கின கூரை என்று நோட்டீஸில் போட்டிருந்தது. சவரியம்மாளுக்குக் கூரையும் வேண்டாம், பளிங்கும் வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். சூப்பர்வைசரிடம் மல்லுக்கட்டி லீவு வாங்கினாள். ஸ்வெட்டர்கூட வாங்கினாள்.

கிளம்புகிற நாள் காலையில், அதே பரிசு வாங்கின மற்றவர்களையும் சேர்த்து ஆறு ஜோடிகள் பெட்டியும் கையுமாகக் கம்பெனி வாசலில் நின்றார்கள். ஹெச்.ஆர். மேடம் மதிவதனி சிரித்தபடி வந்தாள்.

"ஒரு சின்ன சேஞ்ச். அவசர ஆர்டர் வந்துடுச்சு, யாரையும் வெளியூர் அனுப்ப முடியாது. அதனால மலையை இங்கயே ஏற்பாடு பண்ணிட்டோம்."

"இன்னாத்த ஏற்பாடு பண்ணீங்க?" என்றாள் சவரியம்மாள்.

"மலையைத்தாம்மா. பஸ்ல ஏறுங்க."

ஏறினார்கள். டிரைவர் காசிராஜன், லாரி நிறுத்துகிற மைதானத்தையே நாற்பது தடவை சுற்றினான். கொண்டை ஊசி வளைவாம்! இருபத்தாறாவது சுற்றில் ஒரு அம்மா ஜன்னலில் தலையை நீட்டி வாந்தியெடுத்தாள். "அசல் மலைப்பாதை மாதிரியே கீதுல்ல?" என்று காசிராஜன் பெருமைப்பட்டுக்கொண்டான். ஏறின இடத்திலேயே இறக்கிவிட்டான்.

குளிர்க்கிடங்கின் கதவில் 'கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடி' என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே நாலு டிகிரி. ஹோட்டல்களுக்குப் போகிற வெண்ணெய்ப் பெட்டி, உருளைக்கிழங்கு மசாலாப் பெட்டி எல்லாவற்றையும் தூண் தூணாக அடுக்கி, வெள்ளை பிளாஸ்டிக் தாள் சுற்றிவிட்டிருந்தார்கள். கோயில்! கூரையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர், அதில் பளிங்குத் தாமரை. சாமி சிலை வைக்க மட்டும் மதிவதனிக்குப் பயம், அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். சமணர்கள் உருளைக்கிழங்கு தொடமாட்டார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு, அந்தப் பெட்டிகளின் லேபிளையெல்லாம் சுவர் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தாள். தோல் சாமானுக்கும் அனுமதி இல்லை. லூர்துராஜ் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தான்.

"சவரி, நான் ராத்திரி முச்சூடும் வேல செய்ற ரூமு இதாம்மே" என்றான் காதோரமாக.

சவரியம்மாள் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் இல்லை. உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. மே மாசத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறானே என்று எத்தனை தடவை திட்டியிருப்பாள். பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொன்னாயா என்று அவளுக்குக் கோபம் வந்தது.

காலை பதினொரு மணிக்குச் சூரிய அஸ்தமனம். ஃபோர்க்லிஃப்டின் முள்ளில் மஞ்சள் பல்பைக் கட்டி உயரத் தூக்கி, மெதுவாக இறக்கினார்கள். ஜோடிகள் மரப்பலகைமேல் உட்கார்ந்து பார்த்தார்கள். லூர்துராஜ் அவள் பக்கத்தில், முழித்துக்கொண்டு, தோளில் தோள் பட உட்கார்ந்திருந்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சவரியம்மாள் வாயைத் திறந்தாள்.

ஒலிபெருக்கி முந்திக்கொண்டது. "லாரி வந்துடுச்சு. லூர்துராஜ் லோடிங்குக்கு வா."

பாதியில் நின்ற சூரியனை ஃபோர்க்லிஃப்டோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்களும் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக்கொண்டு கிளம்பினார்கள். லூர்துராஜ் பேண்ட்டை ஒரு சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு கோயிலின் முதல் தூணைப் பிரித்தான். ஏற்றவேண்டிய சரக்கே அதுதான்.

"டூர் முடிஞ்சுதும்மா. நீங்க கிளம்பலாம்" என்றாள் மதிவதனி.

"ரெண்டு நாள்னு நோட்டீஸ்ல போட்டீங்க. இன்னும் மத்தியானங்கூட ஆவல. நான் மலைய வுட்டு எறங்கமாட்டேன்."

"மலையே இல்லையேம்மா இப்போ!"

"அது உங்க பிரச்சன மேடம்."

சவரியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள். வெளியாள் பெட்டியைத் தொடக்கூடாது என்று விதியிருந்தது. டூர் வந்த ஆள் தொடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. மதிவதனி ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யாரையோ கேட்கப் போனாள்.

"கை வெறச்சிப் பூடும்மே. வூட்டுக்குப் போ" என்றான் லூர்துராஜ்.

"வூட்டாண்ட வந்தா நீ தூங்குவ. இங்கதான் முழிச்சிக்கினு கீற. எதுனா பேசுய்யா."

"இன்னாத்த பேசுறது?"

"எதுவா இருந்தாலும் சரி."

நாலு பெட்டி ஏறுகிறவரைக்கும் யோசித்தான். பாவம், மெய்யாகவே யோசித்தான். ஐந்தாவது பெட்டியைத் தூக்கும்போது வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டான்.

"ஆமா சவரி, அந்தக் கம்பெனில நீ இன்னா வேலதான் செய்ற?"

"ஒயர மடிச்சி ரப்பர் பேண்டு போடுவேன்யா."

"ஒரு நாளைக்கு எத்தினி?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.