டேங்க்கில் ஊற்றிய மருந்து

காருக்குப் பெட்ரோல் போடும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் டேங்க்கில் ஒரு சின்ன பாட்டில் மருந்தையும் ஊற்றுவார். இன்ஜினுக்கு ஆயுள் கூடுமாம். எனக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மாத்திரை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனுஷர், அந்த பாட்டிலை மட்டும் நன்றாகக் குலுக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவார்.

"என்னங்க, ஸ்டீயரிங் முன்னால அந்த ஆயில் விளக்கு விட்டு விட்டு எரியுது" என்று போன வாரமே சொன்னேன்.

"அதான் மருந்து ஊத்துறேன்ல" என்றார். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

இன்று காலை மேம்பாலத்தின் நடுவில் இன்ஜின் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு இறுகி நின்றுவிட்டது. இவர் போனில் பேசுவதுபோல் ஓரமாக நின்றுகொண்டார். பின்னால் வந்தவர்களிடம் திட்டு வாங்கியது நான்.

ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்தார். துணியில் கறையே படவில்லை.

"அந்த மருந்து பெட்ரோல் போற பாதையைச் சுத்தம் பண்ணும், அவ்வளவுதான் சார். உள்ள உரசித் தேயாம காப்பாத்துறது ஆயில். கடைசியா எப்ப மாத்துனீங்க?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். சமையல் எண்ணெய் மாதிரி அதையும் நான்தான் பார்த்து வாங்கி ஊற்ற வேண்டும்போல.

வேறு இன்ஜின்தான் வழி என்றார் மெக்கானிக். தலையில் கைவைத்து உட்கார்ந்த என் வீட்டுக்காரர், காருக்குள் மிச்சமிருந்த பாட்டிலை எடுத்து வந்தார்.

"புது இன்ஜினுக்கு இதையே ஊத்தலாமா, இல்ல வேற மருந்து வாங்கணுமா?"