ஆறு கை மருமகளும் நாற்பத்தொரு நட்சத்திரங்களும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக வந்திருக்கவே கூடாது. உலகநாதன் என்று ஒருவர் இணைய இதழ் நடத்துகிறார். அவர் என்னிடம் கேட்டது கட்டுரை. "விண்வெளியில இஷ்டத்துக்குச் சுத்துன்னு விடுற கேம் இருக்குல்ல, அதையும், நாலு வகைய ஒண்ணா கலந்து அடிக்கிற கேமையும் ஒப்பிட்டு எழுதுங்க மகாலட்சுமி. கடைசியில ஒரு அட்டவணை. டிக் மார்க், இன்ட்டு மார்க். ஜனங்களுக்கு அதான் புடிக்கும்" என்றார். வியாழக்கிழமைக்குள் வேண்டும் என்றார். இன்று வியாழன், வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன். அட்டவணைக்குக் கோடும் ஒரே ஒரு டிக்கும் மட்டும் போட்டிருக்கிறேன். கோடுகள் நேராக வந்திருக்கின்றன.

இதற்கிடையில் மதகடிப்பட்டில் ஒரு மனிதர் கையில் ஸ்க்ரூடிரைவரோடு என் பதிலுக்காகக் காத்திருக்கிறார். ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார். இப்போது மணி மூன்றே கால். அவர் ஏன் காத்திருக்கிறார் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கதை. (பதிலைத் தள்ளிப்போடுவதற்கும்தான் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.)

2

தொடக்கம் ஒன்று: "எல்லையற்ற விண்வெளியின் மௌனத்தில் மனிதன் தன் தனிமையை—"

வேண்டாம். வில்லியனூரில் என் ஜன்னலுக்கு எதிரே மாவு மில் ஓடுகிறது. இந்தச் சத்தத்தில் உட்கார்ந்துகொண்டு மௌனத்தைப் பற்றி எழுதினால் அது மோசடி.

தொடக்கம் இரண்டு: "பண்டசோழநல்லூரில் கரும்பு வெட்டும் பருவத்தில் ஒரு நாள்—"

இப்படித் தொடங்கினால் மூன்றாவது பக்கத்தில் ஒரு மாடு சாக வேண்டியிருக்கும். மாட்டைக் கொல்ல எனக்கு மனசு வராது.

தொடக்கம் மூன்று: "தமிழ்க்குமரனின் இரண்டாவது கல்யாணம் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு நடந்தது. முதல் மனைவி அப்போது டியூட்டியில் இருந்தாள்."

இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

அந்த முதல் மனைவி வெண்ணிலா என் தோழி. பிள்ளையார்குப்பம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவள் ரத்தப் பரிசோதனை லேபில், நான் பழைய கேஸ் ஃபைல்கள் அடுக்கிய அறையில். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. கணவர் தமிழ்க்குமரன் பண்டசோழநல்லூரில் இரண்டு காணியில் கரும்பு போடுகிறார். கூட மாமியார் தையலம்மாள். வீட்டில் ஒரே ஒரு லேப்டாப். அதில் இரண்டு கேம், ஆளுக்கு ஒன்று. (கேம்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வந்தால் எனக்கு இங்கிலீஷில் சண்டை போட வராது.)

வெண்ணிலாவுடையது 'எல்லையிலி'. ஒரு கப்பலைக் கொடுத்து, போய் வா என்று விட்டுவிடுவார்கள். வியாபாரம் செய்யலாம், கொள்ளையடிக்கலாம், சவாரி ஏற்றலாம், கல் தோண்டலாம், சும்மாவும் இருக்கலாம். கட்டுரைக்காக நானும் ஆடிப் பார்த்தேன். நான்கு மணி நேரம் முயன்றும் நிலையத்தை விட்டு வெளியே வர முடியவில்லை. கதவு என்று நினைத்து நான் மோதிக்கொண்டிருந்தது ஒரு விளம்பரப் பலகை.¹

¹ வெளியே போக முன் அனுமதி கேட்க வேண்டுமாம். யாரிடம் என்று எங்கேயும் எழுதவில்லை. அரசாங்க ஆபீஸ் தெரிந்தவர்களுக்கு இந்த கேம் சுலபமாக இருக்கும்.

வெண்ணிலா அப்படியில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டி, யாருமே போகாத ஒரு மூலைக்குப் போயிருக்கிறாள். ஒரு நட்சத்திரத்தை முதலில் பார்த்தவர் அதற்குப் பெயர் வைக்கலாம். ஆனால் நிலையத்துக்குத் திரும்பி வந்து பதிந்தால்தான் அந்தப் பெயர் நிற்கும். நாற்பத்தொரு நட்சத்திரங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். மடுகரை, கரையாம்புத்தூர், ஏரிப்பாக்கம், மகாலட்சுமி. (நான் ஒரு நட்சத்திரம். மங்கலானதுதானாம், ஆனாலும் ரொம்ப நாள் எரியுமாம்.) நிலையத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரப் பயணம்தான் பாக்கி.

தமிழ்க்குமரனுடையது 'நிலாக்காணி'. பாதி விவசாயம், கால்வாசி கொலைக் கேஸ், மிச்சம் குடும்பம். ஒரு குட்டி நிலாவில் பயிர் வைக்க வேண்டும். ஊர்த் தலைவரைக் கொன்றது யார் என்று துப்புத் துலக்க வேண்டும். இடையில் சீட்டு ஆடலாம், பெண் பார்க்கலாம். பகலெல்லாம் கரும்புக் கொல்லையில் நிற்கிற மனிதர் வீட்டுக்கு வந்து நிலாவிலும் கரும்பே போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "அங்க சொன்ன தேதிக்கு வெட்ட ஆள் வருதுங்க" என்றார்.

இனி ஒப்பீடு. எல்லையிலியில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஒருத்தரும் தேடமாட்டார்கள். நிலாக்காணியில் எங்கேயும் போக முடியாது, ஒரு நாள் வராவிட்டால் பால்காரன்கூட நேத்து ஏன் காணோம் என்று கேட்பான். ஒன்றில் வானம் பெரியது. இன்னொன்றில் ஊர் சின்னது. எது நல்ல விளையாட்டு என்பது, நீங்கள் எதிலிருந்து தப்பித்து வந்து திரைக்கு முன்னால் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலகநாதன் சார், இந்த வாக்கியத்துக்கு டிக் மார்க் போடுவதா, இன்ட்டு போடுவதா?

4

கல்யாணத்துக்கு வருவோம்.

நிலாக்காணியில் கல்யாணம் செய்துகொண்டால் விளைச்சல் இருபது சதவீதம் கூடும். தமிழ்க்குமரன் இதை என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். பெண்ணுக்கு நீல நிறம், ஆறு கை, மூன்று கால், பெயர் ஊம்ரா. செவ்வாய்க்கிழமை மதியம் மாலை மாற்றி முடித்த நேரத்தில், பின்னாலிருந்து தையலம்மாள் எட்டிப் பார்த்தார்.

"யாருடா இது?"

"பொண்ணும்மா. கட்டிக்கினா மகசூல் இருவது பர்சென்ட் கூடுது."

"செவ்வாக்கெழமையில எவன்டா கல்யாணம் வெப்பான்?"

"அந்த நெலாவுல கெழமையே கெடையாதும்மா."

தையலம்மாள் கொஞ்ச நேரம் கைகளை எண்ணிப் பார்த்தார். "ஆறு கை. கரும்புக் கொல்லைக்கு ஆவும்" என்றார். அதற்குள் திரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் வீட்டு வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்கள். நிலாக்காணியை உருவாக்கியவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை போலிருக்கிறது, இரண்டு பேரும் சும்மா நின்றார்கள்.

"இன்னாடா, பொண்ணு வாசல்ல நிக்குது. ஆலம் சுத்த ஒரு ஆள் இல்லியா?"

"பொம்மைம்மா அது."

"பொம்மையா இருந்தா இன்னா. வூட்டுக்கு வருதுல்ல?"

இப்படியும் யாராவது செய்வார்களா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆலம் என்றால் ஆரத்தி. எங்கள் பக்கம் புது டிராக்டர் வந்தால் ஆலம். பிரசவமாகி வந்தவளுக்கு ஆலம். ஆப்பரேஷன் முடிந்து வந்த மாமாவுக்கு ஆலம். வாசலுக்குப் புதிதாக ஒன்று வந்தால் சுற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவோம், கேள்வியெல்லாம் அப்புறம். தையலம்மாள் தட்டில் தண்ணீர் ஊற்றி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி, சிவக்கச் சிவக்கக் கொண்டுவந்தார்.

"வலது கால எடுத்து வெக்கச் சொல்லு. இதுல எதுடா வலது?"

"தெரியலம்மா. எதனா ஒண்ண வெக்கட்டும்."

ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் சார்ஜர் ஒயர் காலில் மாட்டியது. தட்டில் இருந்த ஆலம் முழுவதும் கீபோர்டில். ஊம்ரா ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். திரை கறுத்துவிட்டது.

5

(ஆலம் சுற்றியபோது நான் அங்கே இல்லை. மூன்று பேரிடம் கேட்டு மூன்று விதமாக எழுதியிருந்தேன். மூன்றிலும் தப்பு ஒயர் மேல்தான் என்பதால் அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.)

நாலரை மணிக்கு வெண்ணிலா வந்தபோது லேப்டாப் கூடத்தின் நடுவில் சிவப்பாகக் குப்புறக் கிடந்தது. தினம் இருநூறு குழாய் ரத்தம் பார்க்கிறவள், ரத்தம் என்று நினைத்து ஏமாறவில்லை.

"யாருங்க ஆலம் கொட்னது?"

"ஒரு சின்ன கல்யாணம் வெண்ணிலா," என்றார் தமிழ்க்குமரன். அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்ல மறுக்கிறார்.

புதன்கிழமை காலையில் மதகடிப்பட்டு ஜங்ஷனில் ராஜேஷ் கடைக்குக் கொண்டுபோனார்கள். ராஜேஷ் முகர்ந்து பார்த்துவிட்டு, "மஞ்சளா?" என்றார். திறந்தார். "டிஸ்க் போய்டுச்சுக்கா. இன்னும் ஒரு தடவ ஆன் ஆவும், ரெண்டு நிமிஷம் தாங்கும். அதுக்குள்ள ஒரு கேம எடுத்துத் தரேன். ரெண்டும் கேட்டீங்கன்னா ரெண்டும் வராது."

ஆக, ஒன்றுதான். பதியப்படாத நாற்பத்தொரு நட்சத்திரங்கள், அல்லது ஒரு காலை உள்ளே வைத்து இரண்டு காலை வெளியே வைத்து நிற்கும் ஒரு பெண். புருஷனும் பெண்டாட்டியும் கடையிலேயே அரை மணி நேரம் வாக்குவாதம் செய்தார்கள். கடைசியில் தமிழ்க்குமரன்தான் சொன்னார்: "லட்சுமிதான் கேம் பத்தி எழுதுது. அது சொல்லட்டும். எதுன்னாலும் சண்டையில்ல."

விளம்பரப் பலகையில் நான்கு மணி நேரம் மோதியவளைத் தீர்ப்பு சொல்லச் சொல்கிறார்கள். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

6

ஒரு கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. தையலம்மாள். இவர் ரொம்ப வசதியாக வேடிக்கை செய்கிறார். எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் சோம்பல் வந்துவிடும். நேற்று மகன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீதான் முடிவு சொல்றியாம். மருமவள பாதி வாசல்ல நிக்க வெச்சிட்டு வுட்டுடற பழக்கம் எங்க வூட்ல இல்ல. ஆலம் சுத்தியாச்சு. அது இனிமே வூட்டு மனுஷி."

நான் சிரித்துக்கொண்டே அட்டவணையில் நிலாக்காணிக்கு ஒரு டிக் போட்டேன். நேற்று மதியமே பெஞ்சில் வெண்ணிலாவிடம் இதை அப்படியே நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸை மூடினாள்.

"நட்சத்திரம் போனா போவுது லட்சுமி. பதினோரு வருஷம் முன்னாடி கோயில்ல தாலி கட்டிக்கினு அந்த வூட்டுக்கு வந்தேன். எனக்கு ஒருத்தரும் ஆலம் சுத்தல. ஒரு நாள்கூட நான் கேட்டதில்ல. பொம்மைக்குச் சுத்தியிருக்காங்க."

அவள் அழுதாள். எனக்குத் தையலம்மாள் மேல் கோபம் வந்தது, என் மேலும் வந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஏன் அவ்வளவு தூரம் போனாள் என்று ஒரு தோழி கேட்டிருக்க வேண்டும். நான் கேம் எத்தனை ஜிபி என்றுதான் கேட்டிருந்தேன். வேடிக்கைக் கதைக்கு இது ஆகாது என்று இந்தப் பத்தியை இரண்டு முறை வெட்டிவிட்டேன். மறுபடி ஒட்டியிருக்கிறேன்.

7

முடிவுகள், இதுவரை எழுதியவை:

(அ) நட்சத்திரங்கள் பிழைக்கின்றன. தமிழ்க்குமரன் பெருந்தன்மையாக ஒரு வாரம் பேசாமல் இருக்கிறார்.

(ஆ) ஊம்ரா பிழைக்கிறாள். மாமியாருக்கு ஆறு கையோடு ஒரு மருமகள், வெண்ணிலாவுக்கு—

இதை முடிக்க முடியவில்லை.

(இ) இன்று சாயங்காலம் வெண்ணிலா டியூட்டி முடிந்து வருகிறாள். வாசலில் தையலம்மாள் ஆலத் தட்டோடு நிற்கிறார். இதை எழுதிவிட்டு நானே அழுதேன், பிறகு அழித்துவிட்டேன். தையலம்மாள் அப்படிச் செய்கிறவர் இல்லை. பதினோரு வருஷமாக உள்ளே இருக்கிறவளுக்கு இப்போது எதற்கு என்பார்.

(ஈ) ராஜேஷின் ஸ்க்ரூடிரைவர் நழுவி இரண்டும் போய்விடுகின்றன. குடும்பம் கேரம் போர்டு வாங்குகிறது. உலகநாதன் சாருக்குப் பிடிக்கும், அட்டவணை தேவைப்படாது. எனக்குத்தான் பிடிக்கவில்லை.

8

நான்கு இருபதுக்கு வெண்ணிலா போன் செய்தாள்.

"ராஜேஷுக்குச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"காலையில அத்தைகிட்ட கேட்டுட்டேன். எனக்கு ஏன் சுத்தலன்னு."

"இன்னா சொன்னாங்க?"

"கத்திரிக்கா அரிஞ்சினு இருந்தாங்க. தல நிமிரல. 'நீதான் தோட்டத்து வாசல் வழியா வந்துட்டியே'ன்றாங்க."

அது உண்மைதான். காதல் கல்யாணம் என்பதால் அன்றைக்குப் பயந்துகொண்டு இரண்டு பேரும் பின்பக்கமாகத்தான் வீட்டுக்குள் போயிருக்கிறார்கள். வெண்ணிலாவே என்னிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

"'நான் தெரு வாசல்ல தட்ட வெச்சிக்கினு நின்னேன். நீங்க வரவேல்ல. கற்பூரம் அணைஞ்சி போச்சி. உள்ள வந்து பாத்தா நீ அடுப்பாண்ட உக்காந்து காபி குடிச்சினு இருக்க. குடிக்கிற பொண்ண எழுப்பி வெளிய நிக்க வெக்கச் சொல்றியா'ன்றாங்க."

"நெஜமாவா வெண்ணிலா?"

"யாருக்குத் தெரியும். இவர கேட்டா ஞாபகம் இல்லன்றாரு."  பிறகு சொன்னாள்: "பொய்யா இருந்தாலும் பரவால்ல லட்சுமி. எனக்காக உக்காந்து யோசிச்சிருக்காங்கல்ல."

ராஜேஷுக்கு என்ன சொல்ல என்று கேட்டேன். எதுன்னாலும் சரி, நீயே சொல்லு என்று வைத்துவிட்டாள்.

அப்போதிலிருந்து அந்தக் கற்பூரம் என்னை விடமாட்டேன் என்கிறது. உண்மையிலேயே வாசலில் நின்றவருக்குத்தான் அது அணைந்தது தெரியும். அல்லது கதை சொல்லத் தெரிந்தவருக்கு. நேற்றிலிருந்து நான் எழுதி எழுதி அடித்ததை அவர் கத்திரிக்காய் அரிந்துகொண்டே செய்துவிட்டார் என்றால், நான் பேசாமல் ஃபைல் அடுக்கப் போகலாம்.

9

மணி நான்கு ஐம்பத்தைந்து. எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் தருகிறேன்.

தையலம்மாள் அன்று தெரு வாசலில் தட்டோடு நின்றார் என்று நீங்கள் நம்பினால், ஊம்ராவை எடுக்கச் சொல்லுங்கள். அது மருமகள்களுக்காக வாசலில் காத்திருக்கிற வீடு. நிற்கவில்லை என்று நினைத்தால், நாற்பத்தொரு நட்சத்திரங்களை எடுக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டிலிருந்து வெண்ணிலாவுக்கு அவ்வளவு தூரம் தேவைப்பட்டிருக்கிறது.

போன் அடிக்கிறது. ராஜேஷ்தான்.

"க்கா, கட சாத்தப்போறேன். எது?"

ஸ்பீக்கரில் போட்டு உங்கள் பக்கம் வைத்திருக்கிறேன். கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், ஜங்ஷனில் விழுப்புரம் பஸ் நிற்கிறது.