ராஜாம்பாள் கிணற்று முதலைகள்

சாலை மறியல் நடந்த வருடம், கச்சிராயபாளையத்தில் ராஜாம்பாள் வெட்டிய கிணற்றில், பதினெட்டு கோடி வருடங்களாகக் கல்லாகக் கிடந்த முதலை ஒன்று எழுந்து நடந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. கோமுகி அணையில் சேறுகூட இல்லை. டவுன் பஸ் ஆடிக்கு ஒன்று அமாவாசைக்கு ஒன்று என்று வந்தது. சந்தையில் கத்திரிக்காய் சீந்துவாரற்றுக் கிடந்தது. முதலை பெரியதல்ல, பூனை அளவுதான். கால்கள் மட்டும் ஆட்டுக்குட்டிக்கு இருப்பதுபோல் நீளம்.

அதைக் கல்லில் முதலில் பார்த்தவர் வியாகுலம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுக்கு வெடி வைப்பவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பார், வெடிக்குத் துளை போடுமுன் பாறைக்குச் சிலுவை போடாமல் இருக்கமாட்டார். அப்படிக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். பாறையில் முதுகெலும்பும் வாலும் பல்வரிசையும் அச்சடித்ததுபோல் பதிந்திருந்தன. "யம்மா, ஓணான் கணக்கா ஒண்ணு இருக்குது. வாய் மட்டும் முதலை வாய்" என்று மேலே குரல் கொடுத்தார்.

சேதி எப்படியோ பரவி, சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் ஜீப்பில் வந்தார். இது முதலைகளுக்குத் தூரத்துச் சொந்தம், ஜுராசிக் காலத்தில் தரையில் ஓடித் திரிந்தது, அடியில் இன்னும் இரண்டு இருக்கின்றன என்றார். கல்வராயன் மலையடிவாரக் கல்லில் இது இருக்க நியாயமே இல்லை, கல் இந்தப் பிராணியைவிடப் பல மடங்கு மூத்தது என்றும் சொல்லி, அதற்காகச் சற்று வருத்தப்பட்டார். ஒரு வாரத்தில் ஆட்களோடு வருகிறேன், அதுவரை உளிகூடப் படக்கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். அவ்வளவு படித்த மனிதர் தன்னைக் கும்பிட்டதில் ராஜாம்பாளுக்குக் கூச்சமாகிவிட்டது. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் சாலைகளில் மரங்கள் விழுந்தன. படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குரிய பங்கைக் கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்தவர்களில் ராஜாம்பாளின் கணவன் சடையனும் ஒருவன். மகள் மணிமொழி அப்போது கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளை மனதில் வைத்துத்தான் வெட்டினான். பேராசிரியரின் ஜீப் அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, திரும்பிப் போனது. சடையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் வைத்தது. புருஷன் வெட்டிய மரம் பெண்டாட்டி கிணற்றை மூடிவிட்டது என்று ஊர் பேசியது. ஊர் பேசியதில் அந்த மாதம் அது ஒன்றுதான் உண்மை.

மறியல் ஒரு வாரத்தில் ஓய்ந்தது. கைதும் பயமும் ஓயவில்லை. பேராசிரியர் வரவில்லை. கரும்பு நுனியிலிருந்து காயத் தொடங்கியது. அந்தக் கரும்பை நம்பித்தான் மணிமொழியின் படிப்பு. அவள் பாதியில் வீடு திரும்பினால், சடையன் மரம் வெட்டியதும் சிறையில் கிடப்பதும் வெட்டி வேலையாகிவிடும். ராஜாம்பாள் தினமும் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இதுக்குக் கீழ தண்ணி இருக்குது யம்மா. காது வச்சா சலசலன்னு கேக்குது. ஒரு வெடி போதும்" என்றார் வியாகுலம்.

"வாக்குக் குடுத்துட்டேன் அண்ணே."

"அவுருக்கு இன்னா, அவுரு கரும்பா காயுது?"

ராஜாம்பாளுக்குப் பேராசிரியர்மேல் கோபம், புருஷன்மேல் அதைவிடக் கோபம். கல்லில் கிடந்ததன்மேல் மட்டும் ஏனோ கோபம் வரவில்லை.

அந்தப் பக்கத்துக் கிணறு வெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாறைப் பிளவில் தேரை இருந்தால் கொல்லமாட்டார்கள். இத்தனை நாள் தண்ணீருக்குக் காவல் இருந்தது என்று, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, காவல் முடிந்தது என்று சொல்லி வழிவிடுவார்கள். உயிருள்ள தேரைக்குத்தான் அந்த மரியாதை. ராஜாம்பாள் அதைக் கல்லுக்குச் செய்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு அவள் கிணற்றில் இறங்கியபோது வியாகுலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது செத்து எவ்ளோ காலமாவுது யம்மா."

"செத்தா காவலு இல்லாம பூடுமா?" என்றவள் தண்ணீரை ஊற்றினாள். "காவலு முடிஞ்சிது. போயிக்கினு இரு."

கல் தண்ணீரைக் குடித்தது. விலா எலும்புகள் ஈரமாகி, மேலே தோல் படர்ந்தது. கண் திறந்தது. இரண்டு முறை தும்மிவிட்டு முதலை எழுந்து, ராஜாம்பாளை ஒரு பார்வை பார்த்து, ஏணிவழியாக மேலே போனது. அடியிலிருந்த இரண்டும் பின்னாலேயே போயின. அவை கிடந்த பள்ளத்தில் தண்ணீர் ஊறி முதலில் கணுக்காலைத் தொட்டது, பிறகு முழங்காலை. வியாகுலம் கையிலிருந்த வெடியை மடியில் கட்டிக்கொண்டு முகம் கழுவினார்.

பேராசிரியர் கார்த்திகையில் வந்தார். முதலைகள் கரும்புக்குள் எலி விரட்டுவதைப் பொழுது சாயும்வரை பார்த்தார். கல்லாக இருந்தால் எங்கள் துறை, உயிரோடு இருந்தால் வேறு துறை என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வனத்துறையைக் கேட்டபோது, அழிந்துபோன பிராணிகள் தங்கள் பொறுப்பில் வராது என்றார்கள்.

சடையன் மார்கழியில் வீடு வந்தான். பாதி உடம்பாகியிருந்தான். கரும்பு பச்சையாக நிற்பதை நம்பமுடியாமல் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றபோது, முதலை அவன் பாதத்தின்மேல் ஏறிப் போனது.

"இன்னா புள்ள இது?"

"நம்ம கெணத்துல கெடந்துச்சு. பதினெட்டு கோடி வருசமாம்."

"அத்தினி வருசமா கல்லுல இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?"

"காத்துக்கினு இருந்துச்சு."

சடையன் வரப்பிலேயே குந்திவிட்டான். சிறையில் அழாதவன் அங்கே அழுதான். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாம கேக்க ஆரம்பிச்சு கொஞ்ச வருசந்தான் ஆவுது" என்றான்.

இரண்டு வருடம் கழித்துப் பங்கு கிடைத்தது. மணிமொழி காலேஜில் சேர்ந்தாள், பிறகு வேலைக்கும் போனாள். முதலைகள் குட்டி போட்டனவா முட்டை இட்டனவா என்று யாரும் பார்க்கவில்லை, எண்ணிக்கை மட்டும் கூடியது. ஒவ்வொரு வருடமும் வெட்டு முடியும்போது கிழக்கு மூலையில் கொஞ்சம் கரும்பு வெட்டாமல் நிற்கும். புதிதாக வந்த வெட்டாள் யாராவது அரிவாளோடு அங்கே போனால், "அது அதுங்க பங்கு" என்பார் சடையன். அவர்களும் சரியென்று அடுத்த வயலுக்குப் போய்விடுகிறார்கள்.