சுவரில் ஓர் இரும்பு வளையம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையே அல்ல, அறிவிப்புப் பலகையாகப் பிறந்திருக்க வேண்டியது. எங்கள் துறைமுக நகரம் சைதாவின் கடற்கோட்டைக்கு வரலாறு எழுதித் தரும்படி புதுப்பிப்புக் குழு கேட்டது. எழுதினேன்:

'அலைகளை எதிர்த்து நிமிர்ந்து நிற்கும் வீரத்தின்...'

(அடித்துவிட்டேன். ரோமானியர் விட்டுப்போன தூண்களைச் சிலுவைப்போருக்கு வந்த பரங்கியர் படுக்கவைத்துச் சுவரில் செருகிக் கட்டிய கோட்டை. பிறகு இடித்தவர்கள் வந்தார்கள், ஒட்டுப்போட்டவர்கள் வந்தார்கள். இங்கே நிமிர்ந்து நிற்பது குழுத் தலைவர் டாக்டர் ஷுக்ரியின் கழுத்துப்பட்டை மட்டும்.)

2

படகுத்துறைப் பக்கம், இரண்டு தூண்களுக்கு நடுவே, துருவேறிய வளையம் ஒன்றைக் குழு 'கண்டுபிடித்தது'. சிலுவைப்போர்க் கப்பல்களைக் கட்டிவைத்த வளையம் என்று டாக்டர் அறிவித்தார். சுவரிலுள்ள புது இரும்பையெல்லாம் பிடுங்க உத்தரவு.

அந்த வளையத்தைச் சுவரில் அடித்தவன் மீனவன் நஸீஹ். துறைக்கே தெரியும். எங்கள் உப்புக்காற்றில் ஒரு குளிர்காலம் போதும், இரும்புக்கு எண்ணூறு வயதாகிவிடும்.

சைப்ரஸுக்குத் தப்பிப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போன நஸீஹ் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. அவன் தாய் உம்மு நஸீஹ், வந்தால் படகைக் கட்டுவானே என்று, வளையத்தில் கயிறு* மாட்டி வைக்கிறாள். இற்றுப்போனால் மாற்றுகிறாள்.

உண்மையை எழுதப்போவதாக அவளிடம் சொன்னேன்.

"எழுதாதப்பா. எம்மவன் அடிச்சதுன்னா பிடுங்கிருவானுங்க. செத்துப்போன பரங்கி அடிச்சதுன்னா கிட்டவே போகமாட்டானுங்க."

"அப்ப அவன் பேரு?"

"வந்து அவனே சொல்லிக்குவான்."

நான்கு எட்டு நடந்தவள் திரும்பி வந்தாள்.

"ஓரமா, சின்னதா, அவன் பேரப் போட முடியுமா? அந்த டாக்டரு கண்ணாடி இல்லாமப் படிக்கமாட்டாருல்ல?"

* நீல நைலான் கயிறு. அது எந்த நூற்றாண்டு என்று டாக்டர் இன்னும் கருத்துச் சொல்லவில்லை.

3

முடிவு ஒன்று: 'விடியலில் ஒரு படகு தெரிந்தது. அதில்'

(அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.)

முடிவு இரண்டு: டாக்டர் தவறை ஒப்புக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார். (முதல் முடிவையாவது யாராவது நம்புவார்கள்.)

பலகையின் ஓரத்தில் அவன் பெயரைச் சின்னதாகவும் எழுதிப் பார்த்தேன். டாக்டரிடம் கண்ணாடி இருந்தது. சிவப்பு மையும் இருந்தது. 'யார் இந்த நஸீஹ்?' என்று கேட்டிருக்கிறார்.

4

நாளை பலகை அச்சுக்குப் போகிறது. மாட்டும் நாளில் நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

'இந்த வளையத்தை அடித்தவர்: ...........'

பரங்கி என்றால் வளையம் தங்கும். நஸீஹ் என்றால் பெயர் தங்கும். பேனாவை உங்களிடம் தருகிறேன்.

எழுதுவதற்கு முன் ஒன்று: இன்று காலைதான் அவள் கயிற்றை மாற்றினாள்.