மேகத்துக்குக் காட்டிய கொடும்பாவி

காத்தாயிக்கு ஒப்பாரி வாய்த்த மாதிரி அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. செத்தவர் முகம்கூடத் தெரியாத வீட்டில் போய் உட்கார்ந்தாலும் சொந்தக்காரர்களைவிட உருக்கமாக அழுவாள். அழுது முடித்ததும் முந்தானையை உதறிவிட்டு எழுந்து, புளி என்ன விலை விற்கிறது என்று விசாரித்துக்கொண்டே வீடு திரும்புவாள். அதனால்தான் 2003 மே மாதம், பச்சைமலை அடிவாரத்திலிருந்த அவர்கள் ஊரில் கொடும்பாவி இழுப்பதென்று முடிவானபோது, பாவியின் பெண்டாட்டியாக அழுவதற்கு வேறு யார் பேச்சும் எழவில்லை.

அந்த வருஷக் கத்திரி வெயில் ஊரை வறுத்து எடுத்துக்கொண்டிருந்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. மலைச்சரிவில் இடுப்புயரப் புல் காய்ந்து சருகாகி நின்றது. போதாக்குறைக்குத் தினமும் சாயங்காலம் ஒரு கருமேகம் மலை உச்சிக்கு வந்து நிற்கும். மின்னும், உறுமும், ஒரு சொட்டுகூட விடாமல் கலைந்துபோகும். ஊரில் எவனோ மகா பாவி இருக்கிறான், அவனால்தான் மழை இறங்க மறுக்கிறது என்பது ஊர்க்கணக்கு. அவன் யாரென்று தேடப் போனால் மண்டை உடையும். ஆகவே வைக்கோலில் ஒரு பாவியைக் கட்டி, தெருத்தெருவாக இழுத்து, சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுது, கடைசியில் கொளுத்திவிடுவார்கள். யாருக்கும் மனக்கசப்பு இல்லாத ஏற்பாடு.

மனக்கசப்பு காத்தாயியின் புருஷன் பழனிவேலுக்கு மட்டும்தான்.

"நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறப்ப நீ தாலி அறுத்தவளாட்டம் தெருவுல பொரளுவியா?" என்று கேட்டான். அழுவது வைக்கோலுக்குத்தானே என்று அவள் சமாதானம் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். பாவிக்கு மாட்டிவிடப் பழைய துணி கேட்டு ஆட்கள் வந்தபோது, கொடியில் கிடந்த அவனுடைய நீலக்கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கிழிந்த சட்டைதான். ஆனாலும் அவனுக்குப் பொறுக்கவில்லை. விடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலையேறிவிட்டான். ராத்திரிக்கும் வரப்போவதில்லை என்று பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியிடம் சொல்லிவிட்டுப் போனானாம்.

காத்தாயிக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அதையும் ஒப்பாரியில் கலந்துவிட்டாள். வெயில் தாழ்ந்து பறை முழங்க ஊர்வலம் கிளம்பி முதல் தெருவில் நின்றதும், தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நீலச்சட்டைப் பாவியின் தலைமாட்டில் உட்கார்ந்து எடுத்தாள்:

"காப்பித்தண்ணி ஆறுச்சுன்னா கண்ணு செவக்கும் ராசாவே
கலியாண வூட்டுக்குன்னா காலு வலிக்கும் ராசாவே"

யாரைச் சொல்கிறாள் என்று ஊருக்கே தெரியும். மாரடிக்க வந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பறையடித்த செல்லதுரைக்கு அடி தப்பியது. அடுத்தடுத்த தெருவில் அவள் இன்னும் இன்னும் எடுத்துவிட்டாள். குறை ஒன்றா இரண்டா!

வழக்கமாகப் பாவியை ஏரி நடுவில் வைத்துத்தான் எரிப்பார்கள். அன்றைக்கு நாட்டாமை அய்யம்பெருமாளுக்கு ஒரு யோசனை உதித்தது. மேகம் மலையில் நிற்கிறது. இங்கே கொளுத்தினால் அதற்கு எப்படித் தெரியும் என்றார். கேட்டவர்கள் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. பாவியை மலையடிவாரத்துக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். புல்லைப் பற்றி ஒருத்தர் வாயிலும் ஒரு வார்த்தை வரவில்லை. காத்தாயிக்கும்தான் தோன்றவில்லை, பாட்டு அவ்வளவு ஜோராகப் போய்க்கொண்டிருந்தது.

தீ வைத்ததும் பாவி அழகாகத்தான் எரிந்தான். மேகமும் பார்த்துவிட்டதுபோல. மேலே பெரிதாக ஓர் இடி விழுந்தது. ஏரிப் பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு காற்று கிளம்பியது. எரிகிற வைக்கோலை அது கொத்தாகத் தூக்கிப் புல்லுக்குள் போட்டது. கண் மூடித் திறப்பதற்குள் சரிவு பற்றிக்கொண்டு சடசடவென்று மேலே ஏறியது.

மேலே பழனிவேல் இருந்தான்.

ஆண்கள் புங்கந்தழையை ஒடித்துத் தீயை அடிக்க ஓடினார்கள். காத்தாயி யாரையும் பார்க்கவில்லை. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, தீக்குப் பக்கவாட்டில் போன ஆட்டுத்தடத்தில் ஏறினாள். பின்னால் பாப்பாத்தி கூப்பிட்டது காதில் விழவில்லை. புகை கண்ணை அடைத்தது. உயிரோடிருப்பவனை வைத்து அழுதோமே, தெருத்தெருவாக அழுதோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் பேரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்திலிருப்பவர்தான் சொல்லவேண்டும். இப்போது பாறைமேல் ஏறி நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"பழனிவேலு! ஏ பழனிவேலு!"

பதில் வரவில்லை. மறுபடி கத்தினாள். தொண்டை கட்டிப்போகும்வரை கத்தினாள். அப்போதுதான் நெற்றியில் சுளீரென்று எதுவோ பட்டது. கல் என்று நினைத்தாள், ஆலங்கட்டி. அதன் பின்னாலேயே மழை கொட்டியது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை மேகம் மொத்தமாக அவிழ்த்துவிட்டது. தீ உஸ்ஸென்று படுத்தது. கீழே ஊரே நனைந்துகொண்டு குதித்தது. அய்யம்பெருமாள் தன் யோசனை பலித்த கதையை அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

காத்தாயிக்கு மழை வேண்டியிருக்கவில்லை. கரிந்த சரிவையே பார்த்துக்கொண்டு நின்றாள். புகைக்குள்ளிருந்து ஒருவன் தடுமாறிக்கொண்டு இறங்கி வந்தான். முகமெல்லாம் கரி, புருவம் பொசுங்கியிருந்தது. இடுப்பில் வேட்டி மட்டும்தான், கையில் ஒன்றுமில்லை. ஆடு மேய்க்கும் கோல்கூட இல்லை.

"எங்கய்யா இருந்த?"

"மேல சுனைப் பாறையில. அங்க நெருப்பு அண்டாது."

"அப்புறம் எதுக்குய்யா இந்த வழியா எறங்குன?"

"நீ கூப்புட்டியே."

அவள் அவனுக்குப் பின்னால் பார்த்தாள். சரிவு வெறிச்சென்றிருந்தது. சொந்த மச்சான் கல்யாணத்துக்கே ஆட்டை விட்டுவிட்டு வர மறுத்தவன் அவன்.

"ஆடுங்க எங்க?"

பழனிவேல் திரும்பி மலையைப் பார்த்தான். அப்போதுதான் நினைவு வந்தவன்போலத் தலையைச் சொறிந்தான். "தெரியலையே புள்ள. பாறையிலதான் நின்னுச்சுங்க."

ஊருக்கெல்லாம் அழுதவளுக்கு இப்போது அழுகை வந்தது. ராகம் வரவில்லை, ஒரு வார்த்தையும் வரவில்லை. அவன் மார்பில் கைமுஷ்டியால் குத்திக்கொண்டே விக்கினாள். கீழே நின்ற சனம் பார்க்கிறதே என்று அவன் கூச்சப்பட்டான், ஆனாலும் நகரவில்லை.

பிறகு அவள் மூக்கைச் சிந்தினாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கொட்டுகிற மழையில் இரண்டு பேருமாக ஆடு தேடி மலை ஏறினார்கள்.